இடிக்குப் பின் மோடம்: லைன் சுற்றில் எங்கே தேடுவது?

இடியும் மழையும் ஓய்ந்த மறுநாள் காலையில் டயல்-அப் மோடம் "நோ டயல்டோன்" என்று சொன்னால் என்ன செய்வது? இரண்டு விடைகள்தான் புழக்கத்தில் இருந்தன. மோடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது ஒன்று. மூடியைக் கழற்றி, கருகிய பாகம் எதுவென்று தேடி, அதை மட்டும் மாற்றிப் பார்ப்பது மற்றொன்று. முதலாவதில் பல நேரம் பணம் வீண். இரண்டாவதில் சில நேரம் ஆபத்து. மின்னெழுச்சி எந்த வழியாக உள்ளே வந்தது, எந்த வழியாக வெளியே போனது என்பதை இரண்டுமே கேட்பதில்லை. அதைக் கேட்காமல் எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்ய முடியாது என்பது என் கட்சி.

இந்தக் காலத்தில் இது யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது மோடம்தான் வாசல். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. ஆனால் மோடத்துக்குள் இருக்கும் லைன் சுற்று மோடத்துக்கு மட்டும் உரியதல்ல. ஃபேக்ஸ் இயந்திரம், திருட்டு அலாரம், கார்ட்லெஸ் போனின் அடித்தளம் எல்லாவற்றிலும் சிறு மாற்றங்களோடு அதே சுற்றுதான். பழைய கணினிகளைச் சேகரித்து ஓட்டிப் பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு வரும் மோடங்களில் எத்தனையோ எப்போதோ இடி வாங்கியவை.

லைனில் என்ன இருக்கிறது

தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவது இரண்டே கம்பி. ரிசீவர் கீழே இருக்கும்போது அவற்றுக்கு நடுவில் சுமார் 48 வோல்ட் டிசி நிற்கும். நிலையத்து பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்து வைத்திருப்பார்கள். கேபிள்கள் அரித்துப் போகாமலிருக்கச் செய்த பழைய ஏற்பாடு அது. ரிசீவரை எடுத்தால் சுற்று மூடி, சில பத்து மில்லி ஆம்பியர் ஓடும். வோல்ட்டேஜ் 5 முதல் 12 வரை இறங்கிவிடும். அழைப்பு வந்தால் அந்த 48-இன் மேல் மணி அடிக்கும் ஏசி ஏறி வரும்: இந்தியாவில் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் ஏறக்குறைய 90 வோல்ட், 20 ஹெர்ட்ஸ். உச்சத்தைக் கணக்கிட்டால் நம் லைனிலேயே 150 வோல்ட்டைத் தாண்டும். வேலைக்கு இறங்குமுன் லைனைப் பிடுங்கச் சொல்வது இதனால்தான். லைனில் கை வைத்திருக்கும்போது யாராவது அழைத்தால் தெரியும்.

இந்த லைனுக்கு மோடம் ஒரு தொலைபேசிபோல நடந்துகொள்ள வேண்டும். ரிசீவரை எடுப்பதற்குப் பதில் ஒரு ரிலே. மணி அடிப்பதை உணர ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அவற்றோடு தொடராக ஓர் ஆப்டோகப்ளர். லைனின் டிசி மின்னோட்டத்தைத் தாங்க நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜும் ஒரு டிரான்சிஸ்டரும். ஒலியை மட்டும் அந்தப் பக்கம் கடத்த 600 ஓமுக்கு 600 ஓம் என்ற சிறிய டிரான்ஸ்பார்மர். வாசலிலேயே, இரண்டு கம்பிக்கும் குறுக்கே, வேரிஸ்டரோ அதன் வேலையைச் செய்யும் வேறு பாகமோ காவல் நிற்கும். பலகையைத் திருப்பிப் பார்த்தால் லைன் பக்கத்துக்கும் கணினிப் பக்கத்துக்கும் நடுவே செம்புத் தடமே இல்லாத வெற்றுப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். அதைத் தாண்டி நிற்பவை டிரான்ஸ்பார்மர், ஆப்டோகப்ளர், ரிலே மூன்றும்தான். இந்தப் பட்டைதான் கட்டுரையின் முக்கியப் பாத்திரம்.

அது பலகைக்குள் வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் பிறர் செய்த கருவியைத் தன் லைனில் நேரடியாக மாட்டக் கூடாது என்று ஏடி அண்ட் டி நெடுங்காலம் அடம்பிடித்தது. ரிசீவரை ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்து ஒலியாலேயே பேசிய பழைய மோடங்களுக்கும் லைனுக்கும் மின் தொடர்பே கிடையாது. லைன் வழியாக வரும் இடி அவற்றைத் தொட வழியே இல்லை. 1968-இல் கார்ட்டர்ஃபோன் என்ற கருவி குறித்த தீர்ப்பு வந்து அந்தத் தடையை உடைத்தது. ஆனாலும் லைனுக்கும் கருவிக்கும் இடையே தன் பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு எடுத்தாக வேண்டும் என்று நிறுவனம் நிபந்தனை போட்டது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் 'பகுதி 68' விதிகள் நடைமுறைக்கு வந்தபின், சோதனையில் தேறிய கருவியை நேரடியாகச் செருகலாம் என்றானது. பெட்டிக்குள் இருந்த சுற்று மோடத்துக்குள் குடியேறியது. 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் அப்படி நேரடியாகச் செருகப்பட்டதுதான்.

இரண்டு வகை அடி

லைனில் வரும் மின்னெழுச்சியில் இரண்டு வகை உண்டு. இரண்டு கம்பிக்கும் நடுவே எழுவது ஒன்று. இரண்டு கம்பியும் சேர்ந்து எர்த்தை விட்டு மேலே எழும்புவது மற்றொன்று. 'பகுதி 68' சோதனைகளும் இப்படித்தான் பிரிந்திருக்கின்றன: முதல் வகைக்கு 800 வோல்ட், இரண்டாவதற்கு 1,500 வோல்ட்.

முதல் வகையை வாசலில் நிற்கும் வேரிஸ்டர் பார்த்துக்கொள்ளும். மணி வோல்ட்டேஜுக்கு அது கடத்தக் கூடாது. ஆகவே 250, 300 வோல்ட்டைத் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். அடி பெரிதானால் அது தானே செத்து மற்றவற்றைக் காப்பாற்றும். இப்படிப் போன மோடம் பழுது பார்க்கத் தகுந்தது.

இரண்டாவது வகைதான் கொலைகாரன். இரண்டு கம்பியும் ஒன்றாக மேலே போகும்போது வேரிஸ்டருக்கு எதுவுமே தெரியாது; அதன் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட்டேஜ். மோடத்தின் மறுபக்கம் கணினியோடும், கணினி வீட்டு மின் இணைப்போடும் சேர்ந்திருக்கிறது. லைனின் எர்த் தொலைபேசி நிலையத்தில். மின்சாரத்தின் எர்த் வீட்டிலோ தெருமுனை டிரான்ஸ்பார்மரிலோ. இந்த இரண்டு எர்த்தும் சந்திக்கும் ஒரே இடம் மோடத்தின் அந்த வெற்றுப் பட்டை. அங்கேதான் பொறி தாவும்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா மார்ட்ஸ்லாஃப் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். மின்சாரத்துக்கு ஒரு பாதுகாப்பான், தொலைபேசிக்கு ஒரு பாதுகாப்பான் என்று தனித்தனியே வைத்தால், ஒன்று மின்னெழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் அந்தக் கணத்திலேயே அதன் எர்த் மற்றதன் எர்த்தை விட்டு ஆயிரக்கணக்கான வோல்ட் விலகும். இரண்டோடும் இணைந்த கருவி நடுவில் நின்று அந்த வித்தியாசத்தைச் சுமக்கும். பாதுகாப்பான் வாங்கி மாட்டியும் மோடம் போயிற்று என்று புலம்பியவர்களுக்கு இதில் விளக்கம் இருக்கிறது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல். மூன்று முனை பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது. அப்போது கணினியின் மின்வழங்கியிலுள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கேபினெட்டை மின் அழுத்தத்தில் பாதிக்கு, அதாவது சுமார் 115 வோல்ட்டுக்கு, மிதக்க விடும். தொட்டால் சுருக்கென்று இருப்பது இதனால்தான். அப்படிப்பட்ட வீட்டில் மொத்தக் கணினிக்கும் எர்த்துக்குப் போகக் கிடைக்கும் ஒரே வழி மோடமும் தொலைபேசிக் கம்பியும்தான். மின்சார லைனில் இறங்கிய இடி கணினி வழியாக ஏறி, மோடத்தைக் கிழித்துக்கொண்டு தொலைபேசி லைனில் வெளியேறும். லைன் பக்கம் கருகியிருப்பதைப் பார்த்துவிட்டு, இடி லைனில்தான் வந்தது என்று தீர்ப்புச் சொல்வது அதனால் பல நேரம் தலைகீழ்.

மூடியைத் திறக்குமுன்

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். மோடத்தைப் பிடுங்கிவிட்டு அதே சாக்கெட்டில் சாதாரணத் தொலைபேசியைச் செருகிக் கேளுங்கள். டயல் டோன் வரவில்லையென்றால் பழுது மோடத்தில் இல்லை. ரொசெட் பெட்டியிலோ டிராப் வயரிலோ கம்பத்திலோ இருக்கிறது. லைன்மேனுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். டோன் வருகிறது, மோடத்தைச் செருகியதும் மறைகிறது என்றால் லைன் வாசலிலேயே ஷார்ட். பெரும்பாலும் வேரிஸ்டர், அரிதாக ஒட்டிக்கொண்ட ரிலே முனை.

டோன் கேட்கும்போது ஓர் எண்ணை அழுத்தி அதை நிறுத்திவிட்டு அமைதியைக் கவனியுங்கள். கரகரப்பு இருந்தால், மழைக்குப் பிறகு வேகம் பாதியானதற்குக் காரணம் பில்லர் பெட்டியில் நனைந்த இணைப்பாக இருக்கலாம். 1998-இல் வந்த வி.90 வகை மோடங்கள் லைன் சுத்தமாக இருந்தால்தான் தம் வேகத்தைக் காட்டும். பழியை மோடத்தின் மேல் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு போலி அறிகுறியும் உண்டு. இந்தியாவின் டயல் டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸால் ஏற்ற இறக்கம் செய்தது. அமெரிக்க டோன் 350-உம் 440-உம் கலந்த வேறு ஒலி. அந்த நாட்டுக்கென்று அமைத்த மோடம் நம் டோனை அடையாளம் காணாமல் "நோ டயல்டோன்" என்று சொல்லிவிடும். இடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏடிஎக்ஸ்3 என்று கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் சுழற்றும். அப்படிக் கொடுத்ததும் இணைப்புக் கிடைத்துவிட்டால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடலாம்.

ஏடி என்று தட்டினால் ஓகே வருகிறதா என்பது அடுத்தது. வந்தால் கணினிப் பக்கம் உயிரோடு இருக்கிறது. வரவில்லையென்றால், மின்சாரம் ஒழுங்காகப் போயும் விளக்கு எரிந்தும் பதில் இல்லையென்றால், இடி பட்டையைத் தாண்டிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். வெளி மோடமானால் சீரியல் போர்ட் சிப்பையும், உள் மோடமானால் மதர்போர்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்று அளவுகள்

இப்போது மல்டிமீட்டர். லைனில் ஒரு டி-இணைப்பு வைத்து, மோடம் சும்மா இருக்கும்போதும், ஏடிஎச்1 கட்டளையால் லைனை எடுத்தபோதும் வோல்ட்டேஜைப் பாருங்கள். என் மதிப்பில் ஒரு மணி நேரம் பலகையை முறைத்துப் பார்ப்பதைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும்.

எடுத்த பிறகும் 48-இலேயே நின்றால் சுற்று மூடவில்லை. 'டிக்' என்று ரிலே ஒலித்ததா? ஒலிக்கவில்லையென்றால் அதன் சுருளோ அதை ஓட்டும் டிரான்சிஸ்டரோ போயிருக்கிறது. ஒலித்தும் 48 இறங்கவில்லையென்றால் லைனோடு தொடராக நிற்கும் ஃபியூஸ் ரெசிஸ்டர், அறுந்த செம்புத் தடம், லைன் மின்னோட்டம் டிரான்ஸ்பார்மர் வழியாகவே ஓடும் வகையானால் அதன் சுருள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மயிரிழைத் தடங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகியிருக்கும், லென்ஸ் வேண்டும்.

எடுத்ததும் ஓரிரு வோல்ட்டுக்கு விழுந்துவிட்டால் ஷார்ட். பிரிட்ஜ் டையோடுகளில் ஏதோ ஒன்றோ, டிசியைத் தாங்கும் டிரான்சிஸ்டரோ இரு பக்கமும் கடத்திக்கொண்டிருக்கும். டையோடு சோதனையிலேயே அகப்பட்டுவிடும், மலிவான பாகங்கள்.

மூன்றாவதுதான் தந்திரமானது. வோல்ட்டேஜ் ஒழுங்காக 6, 8 என்று இறங்குகிறது, ஆனால் மோடத்துக்கு டோன் கேட்கவில்லை. டிசி பாதை சரி, ஒலிப் பாதை அறுந்திருக்கிறது. ஒலியைக் கடத்தும் கெப்பாசிட்டர், டிரான்ஸ்பார்மர், அதன் மறுபக்கத்தில் காவலிருக்கும் ஜீனர்கள், கடைசியாக ஒலியை எண்ணாக்கும் சிப் என்று இந்த வரிசையில் தேட வேண்டும். டிரான்ஸ்பார்மரில் அறுந்த சுருளை ஓம்மீட்டர் காட்டும். உள்ளுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காட்டாது. அதேபோன்ற நல்ல டிரான்ஸ்பார்மரைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஒலியை எண்ணாக்கும் சிப் போயிருந்தால் நிறுத்திக்கொள்ளலாம்: இடி அங்கே வரை வந்திருக்கிறது.

பலர் கவனிக்காமலே விட்ட பழுது ஒன்றும் உண்டு. சும்மா இருக்கும் மோடத்தில் ரிலே திறந்திருக்கும். பிரிட்ஜும் டிரான்ஸ்பார்மரும் லைனோடு சேர்ந்திருக்காது. அந்த நேரத்தில் வரும் அடியை வாங்குவது மணியை உணரும் சுற்றுதான். அதன் ரெசிஸ்டரோ ஆப்டோகப்ளரோ போய்விடும். வெளியே அழைப்பது பழையபடி நடக்கும். உள்ளே வரும் அழைப்புக்கு மட்டும் "ரிங்" என்ற செய்தி வராது. இணையத்துக்கு மட்டும் மோடம் வைத்திருந்தவருக்கு இது தெரியவே தெரியாது; ஃபேக்ஸ் வாங்குபவருக்கு முதல் நாளே தெரியும். இணைப்பில் இருக்கும்போது இடி விழுந்திருந்தால் கதை மாறும்: ரிலே மூடியிருப்பதால் பிரிட்ஜும் டிரான்சிஸ்டரும் முன்வரிசைக்கு வந்துவிடும். இடியின்போது மோடம் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகும்.

செருகாமல் இருக்கும்போது ஆர்.ஜே.11 சாக்கெட்டின் நடு இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு தடை என்றும் பாருங்கள். விதிப்படி 5 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டினால், வெடிக்காத வேரிஸ்டர் உள்ளுக்குள் கசிகிறது. சிறு சிறு அடிகளைப் பல தடவை வாங்கிய வேரிஸ்டர் முகம் மாறாமலே இப்படித் தளர்ந்துவிடும்.

இடி இல்லாமலும் இதே சேதம் வரும். அலுவலக, விடுதி இண்டர்காம்களில் டிஜிட்டல் வகை லைன்கள் சில, மோடத்தைச் செருகினால் அதிக மின்னோட்டத்தைத் தள்ளி டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும். மின்கம்பி அறுந்து தொலைபேசிக் கம்பியில் விழுந்தாலும் சேதம்தான். அது நொடிப்பொழுது அடியல்ல, நின்று எரிக்கும் 230 வோல்ட். தொலைபேசிக் கயிறு 26 ஏடபிள்யூஜி தடிமனுக்குக் குறையக் கூடாது என்று கையேடுகள் எச்சரித்தது இந்த நிலைமையை எண்ணித்தான்.

1990-களின் இறுதியில் வந்த மோடங்களில் இந்தத் தேடலுக்கே இடம் குறைந்துவிட்டது. சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ3034, எஸ்ஐ3035 போன்ற ஜோடிகள் டிரான்ஸ்பார்மரையும் ரிலேயையும் ஒழித்துவிட்டு, லைன் பக்கம் ஒரு சிப், கணினிப் பக்கம் ஒரு சிப், நடுவில் உயர் வோல்ட்டேஜ் கெப்பாசிட்டர்கள் என்று சுருக்கின. இவற்றில் இடி தின்பது பெரும்பாலும் லைன் பக்கச் சிப்பைத்தான். கணினி மோடத்தை அடையாளம் காணும், டிரைவர் ஏறும், டோன் மட்டும் வராது. பதினாறு கால் சிப்பை மாற்றக் கை இருந்தால் செய்யலாம். நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

பட்டையைப் பாருங்கள்

பழுது பார்த்து முடித்த பலகையில் கடைசியாகப் பார்க்க வேண்டியது, உண்மையில் முதலில் பார்த்திருக்க வேண்டியது, அந்த வெற்றுப் பட்டை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே கரிக்கோடு இருந்தால், டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுருள்களுக்கு நடுவே ஓட்டை விழுந்திருந்தால், ஆப்டோகப்ளர் பிளந்திருந்தால், அடி இரண்டாவது வகை. சாதாரண மல்டிமீட்டர் இதை உறுதி செய்யாது. அதன் சில வோல்ட்டுக்குக் கரி அசையாது. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கரைத்தான் கேட்க வேண்டும்: லைன் முனைகளைச் சேர்த்து ஒரு பக்கம், சீரியல் போர்ட்டின் எர்த் மறுபக்கம், நடுவே வேறு எதுவும் இணையாமல். லைனிலிருந்து எர்த்துக்கு வேண்டுமென்றே வாயுக்குழல் வைத்த கருவிகளில் மட்டும் இந்த விடையை நம்பக் கூடாது.

பாகங்களை மாற்றும்போதும் இதே கண்டிப்பு. மணிச் சுற்றில் 250 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் கையில் கிடைத்த 63 வோல்ட் ஒன்றைப் போட்டால் முதல் அழைப்பிலேயே போகும். பட்டையைத் தாண்டும் டிரான்ஸ்பார்மரைச் சென்னை ரிச்சி தெருவில் பழைய ஃபேக்ஸ் பலகையிலிருந்து எடுக்கலாம். ஒலிப்பெருக்கியில் இருந்ததை எடுத்துப் போடக் கூடாது. முடித்ததும் நேராக லைனில் செருக வேண்டாம். 24 வோல்ட் டிசி மின்வழங்கியோடு 1,000 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து மோடத்தை எடுக்கச் செய்தால், குறுக்கே சில வோல்ட் நின்று பதினைந்து, இருபது மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். செம்பு லைனே இல்லாத இன்றைய வீட்டிலும் டிசி பாதையை இப்படிச் சோதித்துவிடலாம்.

பாதுகாப்பு என்று வரும்போது என் தீர்ப்பு சுருக்கம். மின்சாரமும் தொலைபேசியும் ஒரே பெட்டி வழியாகப் போய், ஒரே எர்த்தில் சேரும் பாதுகாப்பான் பயன்படும், எர்த் உண்மையிலேயே இருந்தால். எர்த் இல்லாத வீட்டில் எந்தப் பாதுகாப்பானும் பாதி வேலைதான் செய்யும். இடி கேட்கத் தொடங்கியதும் லைனையும் மின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்குவதே நல்லது. ஒன்றை மட்டும் பிடுங்குவதில் நிம்மதி கொள்ள வேண்டாம்.

வேரிஸ்டர், டையோடு, ரிலே, ஆப்டோகப்ளர் இவற்றில் எது போயிருந்தாலும் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டையில் கரிக்கோடு விழுந்த மோடம் மட்டும், டோன் கேட்டாலும் இணைப்புக் கிடைத்தாலும், மறுபடி லைனில் போகக் கூடாது. அதிலிருந்து உதிரிகளைக் கழற்றிக்கொண்டு பலகையைக் கழித்துவிடுங்கள்.